குடல் கழுவும் நாளின் வரவு செலவு

குழந்தைக்குப் பெருங்குடலில் ஆபரேஷன் என்று தேதி குறித்ததும், பெற்றோர் பயப்படுவது ஆபரேஷன் நாளை நினைத்து. வார்டில் இருப்பவர்களுக்கோ அதற்கு முந்தைய நாள்தான் வயிற்றைக் கலக்கும். குடலைச் சுத்தம் செய்கிற அந்த ஒரு பகலில்தான் சின்னக் குழந்தைக்கு ரத்தச் சர்க்கரை இறங்கும், சோடியம் சரியும், மூக்கு வழியாக வயிற்றுக்குப் போட்ட ட்யூப் இடம் மாறும், வயிறு பானை மாதிரி உப்பும். பிறகு சார்ட்டைப் புரட்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே ஓட்டைதான் தெரியும். உள்ளே போன திரவம் மி.லி. கணக்கில் எழுதியிருக்கும். வெளியே வந்த இடத்தில் "நன்றாகப் போனது" என்று எழுதியிருக்கும். கணக்கில் ஒரு பக்கம் மட்டும் எண்ணும் மறுபக்கம் வார்த்தையும் இருந்தால் கூட்டிப் பார்க்க முடியாது.

இந்தச் சுத்தம் எல்லாப் பிள்ளைக்கும் வேண்டுமா என்பது இன்னும் தீராத வழக்கு. பெரியவர்களில் பேதிக் கரைசல் மட்டும் கொடுத்துக் குடலைக் காலி செய்வதால் காயத் தொற்றோ குடல் தையல் விடுவதோ குறையவில்லை என்று 2007ல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின. கரைசலோடு வாய்வழி ஆன்டிபயாடிக்கும் சேர்ந்தால் தொற்று குறைகிறது என்பது தனிக் கதை. அதைக் கடைசியில் பார்ப்போம். குழந்தைகளில் நடந்த ஆய்வுகள் சிறியவை, பெரும்பாலும் பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டி எழுதியவை. கொலாஸ்டமியை (மலம் வெளியேற வயிற்றில் திறந்துவைத்த பெருங்குடல் வாயை) மூடும் ஆபரேஷனில் சுத்தம் செய்த பிள்ளைக்கும் செய்யாத பிள்ளைக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றே அவற்றில் பலவும் சொல்கின்றன. அதனால் ஓர் ஆஸ்பத்திரியில் நாள் முழுக்கக் கழுவுவார்கள், இன்னொன்றில் தெளிந்த திரவ ஆகாரத்தோடு விட்டுவிடுவார்கள். இரண்டும் நடக்கிறது, இரண்டுக்கும் காரணம் உண்டு.

ஆனால் ஒன்றில் அறுவை சிகிச்சை நிபுணர்களிடையே அதிகம் சண்டையில்லை: அரைகுறைச் சுத்தம், சுத்தமே செய்யாததைவிடத் தொல்லை. கெட்டியான மலம் குடலுக்குள் இருந்தால் அதை ஒதுக்கிவிட்டு வேலை செய்யலாம், இடுக்கி போட்டு நிறுத்தலாம். பாதி கரைந்து கூழாகி நிற்கும் மலம், குடலை வெட்டிய நொடியில் வயிற்றுக்குள் ஓடும். ஆகவே ஆரம்பித்தால் முடிக்க வேண்டும். முடிக்க முடியாது என்று தெரிந்தால் ஆரம்பிக்கும் முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும். பாதியில் நின்றுபோனால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். "ஓரளவு சுத்தம்" என்று பூசி மெழுகி ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்புவது யாருக்கும் உதவாது.

எந்தக் குடலைக் கழுவுகிறோம்?

டாக்டரின் ஆர்டரில் "பவல் பிரிப்பரேஷன்", அதாவது குடல் சுத்தம், என்று ஒரே வரி இருக்கும். அதன் அர்த்தம் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். ட்யூபைக் கையில் எடுக்கும் முன் குடலின் வரைபடத்தை மனதில் போட்டுக்கொள்ள வேண்டும்: மேலிருந்து விடும் திரவம் எந்த வழியாக வெளியேறும்? கீழிருந்து விடுவது எந்த வழியாகத் திரும்பும்?

கொலாஸ்டமி இருக்கும் குழந்தைக்கு இரண்டு வாய்கள். மேல் வாயிலிருந்து மலம் பையில் இறங்கும். கீழ் வாய் ஆசனவாய்ப் பக்கம் போகும் குடலின் தொடக்கம். அதில் சளிதான் இருக்கும். மூக்கு வழியாக எத்தனை லிட்டர் விட்டாலும் மேல் பகுதிதான் கழுவப்படும், கீழ்ப் பகுதிக்கு ஒரு சொட்டும் போகாது. மாதக்கணக்கில் உபயோகமில்லாமல் கிடந்த கீழ்க் குடலில் சளி உருண்டு, காய்ந்த பசை மாதிரி அடைத்திருக்கும். அதைத் தனியாக சலைன் விட்டுத்தான் எடுக்க வேண்டும், ஒரே நாளில் வராமலும் போகலாம். இரண்டு வாய்களும் ஒட்டியே இருக்கும் லூப் கொலாஸ்டமியானால் மேலிருந்து மலம் வழிந்து கீழ்க் குடலுக்குள்ளும் போயிருக்கும். அங்கே கெட்டி மலமே கிடைக்கலாம்.

பிறவியிலேயே ஆசனவாய் திறக்காத குழந்தைக்குக் கொலாஸ்டமி போட்டு, பிறகு ஆசனவாய் அமைக்க வரும்போது இன்னொரு சிக்கல். பல ஆண் குழந்தைகளுக்குக் கீழ்க் குடலின் நுனி சிறுநீர்க் குழாயோடு ஒட்டித் திறந்திருக்கும். கீழ் வாயில் அழுத்தி விட்ட சலைன் சிறுநீர்ப்பைக்குள் போய், அங்கிருக்கும் அழுக்கையும் கூடவே கொண்டுபோகும். சிறுநீர்த் தொற்று அப்படித்தான் வருகிறது. அந்தத் திறப்பும் இல்லாத குழந்தைக்குக் கீழ்க் குடல் ஒரு முட்டுச் சந்து. விட்டது விட்ட வழியாகவேதான் திரும்ப வேண்டும்; திரும்பவில்லை என்றால் அது உள்ளேதான் நிற்கிறது. இரண்டு நிலையிலும் சிறிது சிறிதாக, சிரிஞ்சை அழுத்தாமல், தன் எடையில் இறங்கும்படி விடுவதே முறை. கழுவிய பிறகு வரும் சிறுநீர் கலங்கலாக இருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும்.

நாள்பட்ட மலச்சிக்கல் உள்ள பிள்ளை, அதிலும் முன்பே ஆசனவாய் ஆபரேஷன் ஆன பிள்ளை என்றால், முதலில் வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இடுப்புக்கு மேலே கல் மாதிரி உருண்டை தட்டுப்பட்டால் மேலிருந்து கரைசல் விடும் யோசனையைத் தள்ளி வைக்க வேண்டும். வாய்க்காலின் கடைசியில் மண் மூட்டை கிடக்கும்போது மேலே மதகைத் திறந்த கதையாகும்: வலி, வாந்தி, உப்பல். உருண்டையை எனிமாவாலோ, தேவைப்பட்டால் மயக்கம் கொடுத்துக் கையாலோ எடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் கரைசல். சந்தேகம் இருந்தால் ஒரு எக்ஸ்ரே போதும்.

குடல் அடைப்பு, குடல் ஓட்டை, கடுமையான குடல் அழற்சி, வீங்கிய நச்சுக் குடல் இவற்றில் மேலிருந்து விடுவது கூடவே கூடாது. ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோயுள்ள (பிறவியிலேயே குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இல்லாத) குழந்தைக்கு முந்தைய இரவில் காய்ச்சல், வயிறு உப்பல், பீறிட்டு வரும் துர்நாற்ற மலம், சோர்வு என்று ஆரம்பித்தால் அது என்டரோகொலைடிஸ், அதாவது குடல் அழற்சி. அப்போது பவல் பிரிப்பரேஷன் ஆர்டர் செல்லாது. டாக்டரைக் கூப்பிட வேண்டிய நேரம் அது, ஆபரேஷன் தள்ளிப்போகும் என்று முகம் சுளிக்கும் நேரம் கிடையாது.

தாய்ப்பாலோ பாலோ மட்டும் குடிக்கும் பச்சிளங்குழந்தைக்கு மலமே இளகலாக இருக்கும். மூக்கு வழிக் கரைசல் பெரும்பாலும் தேவைப்படாது. கீழிருந்து சலைன் கழுவுதலோடு முடிந்துவிடும்.

மேலிருந்து விடும் நாள்

பாலிஎத்திலீன் கிளைகால் கலந்த உப்புக் கரைசல். வார்டில் "பெக்" என்றால் போதும். இதன் சூட்சுமம், குடல் இதை உறிஞ்சுவதில்லை, தன்னிடமிருந்து நீரையும் அதற்குள் அதிகம் விடுவதில்லை. உள்ளே போனது அப்படியே மலத்தையும் இழுத்துக்கொண்டு வெளியே வரும். உப்புகள் சரியான அளவில் சேர்ந்த பொட்டலத்துக்குத்தான் இந்தக் குணம். மலச்சிக்கலுக்குக் கொடுக்கும், உப்பு சேராத பெக் பவுடரும் குடலைக் காலி செய்யும். ஆனால் அதில் எலக்ட்ரோலைட் இல்லை, அதை எதில் கரைக்கிறோம் என்பதும் கணக்கில் வரும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பொட்டலத்தில் எழுதிய அளவு தண்ணீரில், எழுதியபடியே கரைக்க வேண்டும். குழந்தை குடிக்க மறுக்கிறது என்று பாதித் தண்ணீரில் கரைத்தால் கரைசல் கெட்டியாகி, குடலே நீரை இழக்கும். கூடுதல் சுவைக்குச் சர்க்கரை அள்ளிப் போடுவதும் கூடாது.

அளவு கிலோவுக்கு. பழக்கத்தில் உள்ள ஒரு முறை: முதல் அரை மணி நேரம் மணிக்கு கிலோவுக்கு 10 மி.லி., அடுத்த அரை மணி 20 மி.லி., பிள்ளை தாங்கினால் பிறகு 25 மி.லி. மொத்தம் கிலோவுக்கு 100 மி.லி. அல்லது 4 லிட்டர், இதில் எது குறைவோ அதுவே வரம்பு. 12 கிலோ குழந்தைக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் அரை மணியில் 60 மி.லி., அடுத்த அரை மணியில் 120 மி.லி., அதற்குப் பிறகு மணிக்கு 300 மி.லி. வரம்பு 1200 மி.லி.; நாலரை மணி நேரத்துக்குள் அதைத் தொட்டுவிடும். இந்த எண்களைத் தொடங்கும் முன்பே சார்ட்டின் தலையில் எழுதிவைத்தால், ஷிஃப்ட் மாறும்போது "இன்னும் எவ்வளவு விடலாம்" என்ற கேள்வியே எழாது. எண்கள் அந்தந்த ஆஸ்பத்திரியின் முறைக்கும், டாக்டர் எழுதியதற்கும் உட்பட்டவை. இதயம், சிறுநீரகம் பழுதான பிள்ளைக்கு இவை அப்படியே பொருந்தாது.

12 கிலோ குழந்தை ஒரு லிட்டருக்கு மேல் இந்த உப்புத் தண்ணீரை வாயால் குடிக்கும் என்று நம்புவது வீண். பெரிய பிள்ளைகள் சிலர் குளிர வைத்து, ஸ்ட்ரா போட்டு, ஒரே மூச்சில் ஒவ்வொரு டம்ளராக இறக்கிவிடுவார்கள். சப்பிச் சப்பிக் குடித்தால் பாதியிலேயே குமட்டும். ஒரு மணி நேரம் முயன்றும் குறித்த அளவில் பாதிகூட இறங்கவில்லை என்றால் ட்யூபுக்குப் போய்விடுவது நல்லது. மதியம் வரை கெஞ்சிக் கொஞ்சி, மாலையில் ட்யூப் போட்டால் பிள்ளையும் களைத்திருக்கும், நேரமும் போயிருக்கும். குளிர்ந்த கரைசல் குடிக்கத்தான். ட்யூபில் கைக்குழந்தைக்கு அதை விட்டால் உடல் சூடு இறங்கிவிடும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகே விட வேண்டும்.

ட்யூப் விஷயத்தில் ஒரு சமரசமும் இல்லை. மூக்கிலிருந்து காது, காதிலிருந்து மார்பெலும்பின் முனைக்கும் தொப்புளுக்கும் நடுப்புள்ளி என்று அளந்து, நாசியருகே நீளத்தைப் பேனாவால் குறித்து ஒட்ட வேண்டும். உறிஞ்சி எடுத்த திரவத்தின் பி.எச். (அமிலத்தன்மையின் அளவு; குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் வயிற்றில் இருக்கிறது என்று கொள்ளலாம். அமிலம் குறைக்கும் மருந்து சாப்பிடும் பிள்ளைக்கு இது ஏமாற்றும், அப்போது எக்ஸ்ரே. காற்றை ஊதி ஸ்டெதஸ்கோப்பில் "புஸ்" கேட்கும் பழைய முறையை நம்பி பெக் விடக் கூடாது. நுரையீரலுக்குள் பால் போனாலே ஆபத்து. பெக் போனால் நீரை இழுத்துக்கொண்டு நுரையீரலையே மூழ்கடிக்கும். இருமினாலும் வாந்தி எடுத்தாலும் கரைசல் விடும் பம்ப்பை நிறுத்தி, ட்யூபில் போட்ட பேனாக் குறியைப் பார்த்து, மறுபடி பி.எச். பார்த்த பிறகே தொடர வேண்டும். தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். தூங்கும் குழந்தைக்கு யாரும் பக்கத்தில் இல்லாமல் இரவில் ஓட விடுவது இந்த வேலையிலேயே மிக மோசமான பழக்கம்.

ஐ.வி. லைன் எப்போது? பெக் ஆரம்பிக்கும் முன். நாலு மணி நேரம் பேதியான பிறகு நரம்பு தேடினால் குழந்தையின் கையில் ஒன்றும் தெரியாது. லைன் போடும்போதே சோடியம், பொட்டாசியம், பைகார்பனேட், கிரியேட்டினின், சர்க்கரை எடுத்துவிடலாம். முடிந்த பிறகு இவற்றை மறுபடி எடுத்தால் ஒப்பிட ஆதாரம் இருக்கும். பொட்டாசியம் தாழ்ந்து தியேட்டருக்குப் போனால் மயக்க மருந்து டாக்டர் திருப்பி அனுப்புவார், அனுப்பத்தான் வேண்டும்.

பெக்கில் சர்க்கரை இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். பிள்ளை காலையிலிருந்து திட உணவு சாப்பிடவில்லை, பாலும் இல்லை, லிட்டர் கணக்கில் வெறும் உப்புத் தண்ணீர் உள்ளே ஓடுகிறது. பெற்றோர் பார்வைக்கு "நிறையக் குடித்திருக்கிறான்". கல்லீரலில் சேமிப்புக் குறைவான சிறு குழந்தைக்கு அதற்குள் சர்க்கரை இறங்கத் தொடங்கியிருக்கும். சோர்ந்து தூங்குகிறான் என்று விடாமல் ஊசியால் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும். கைக்குழந்தைக்கு நாலு மணிக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டு, நடத்தை மாறினால் உடனே. டெக்ஸ்ட்ரோஸ் கலந்த நார்மல் சலைன் ட்ரிப் இதற்காகத்தான் ஓடுகிறது. முதல் 10 கிலோவுக்கு நாளைக்கு கிலோவுக்கு 100 மி.லி., அடுத்த 10 கிலோவுக்கு 50 மி.லி. என்று போட்டால் 12 கிலோவுக்கு 1100 மி.லி., அதாவது மணிக்குச் சுமார் 46 மி.லி.

வெளியே வருவதை எடை போடுங்கள். காய்ந்த டயப்பரின் எடையை முதலிலேயே குறித்துவைத்து, நனைந்ததிலிருந்து கழித்தால் 1 கிராமுக்கு 1 மி.லி. ஸ்டோமா பை (கொலாஸ்டமி வாயில் ஒட்டும் பை) என்றால் அடியில் திறக்கும் பையாக, முன்கூட்டியே மாற்றிவைத்து, அளவு ஜாடியில் வடிக்க வேண்டும். முதல் மலம் வர சுமார் ஒரு மணி நேரம் ஆகும். முதல் இரண்டு மணி நேரம் வரவு கூடுதலாகவும் செலவு குறைவாகவும் இருப்பது சகஜம். மூன்றாவது மணியில் செலவு எட்டிப் பிடிக்க வேண்டும். இரண்டு மணி நேரமாகியும் ஒன்றும் வரவில்லை, தொப்புள் மட்டத்தில் பேனாவால் குறித்து அளந்த சுற்றளவு ஏறுகிறது, பிள்ளை முனகுகிறது என்றால் பம்ப்பை நிறுத்துங்கள். வேகத்தைக் கூட்டினால் தள்ளிவிடும் என்ற நினைப்பு வரும். வாந்திதான் தள்ளிக்கொண்டு வரும். லேசான குமட்டலுக்கு வேகத்தைப் பாதியாக்கி அரை மணி பொறுத்தாலே பல பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள். வாந்தியைத் தடுக்கும் ஒன்டான்செட்ரான் தேவையா என்று கேட்பது அதற்கு அடுத்த படி.

எடை குறைவதைப் பார்த்துப் பதற வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். 12 கிலோ பிள்ளை மாலையில் 11.7 ஆனால் அந்த 300 கிராமில் பழைய மலத்தின் எடையும் இருக்கிறது, அது நீரிழப்பில் சேராது. எனவே எடையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல் நாக்கு, கண்ணீர், உச்சிக்குழி, நகத்தை அழுத்தி விட்டால் சிவப்புத் திரும்பும் நேரம், சிறுநீர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிறுநீர் மணிக்கு கிலோவுக்கு 1 மி.லி.க்குக் குறையாமல் இருக்க வேண்டும். பேதியோடு கலந்துபோவதால் டயப்பரில் அதைப் பிரித்தறிய முடியாது. சிறு பிள்ளைக்கு யூரின் பை ஒட்டிவைத்தால் இந்தத் தலைவலி தீரும்.

எப்போது நிறுத்துவது? மஞ்சளாக இருக்கிறதே என்று பலர் இன்னும் ஒரு லிட்டர் விடுகிறார்கள். நிறம் முக்கியமில்லை, பித்தம் கலந்தால் மஞ்சள் இருக்கத்தான் செய்யும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கப்பில் பிடித்து, அச்சிட்ட தாளின் மேல் வைத்துப் பாருங்கள். அடியில் எழுத்து படிக்க முடிந்தால் முடிந்தது. கப்பின் அடியில் மண் மாதிரி துகள் படிந்தால் இன்னும் கொஞ்சம். கலங்கல் கஞ்சி போல் இருந்தால் நடுவில்தான் நிற்கிறோம். அடுத்தடுத்து இரண்டு முறை தெளிவாக வர வேண்டும்; ஒருமுறை தெளிவாக வந்த பின் கட்டி கழன்று வருவது உண்டு. டயப்பரைப் பார்த்து முடிவெடுத்தால் ஏமாறுவோம், பஞ்சு நீரை உறிஞ்சித் துகளை மறைத்துவிடும். வரம்பைத் தொட்டும் தெளியவில்லை என்றால் அடுத்த லிட்டரை யோசிக்கும் முன் டாக்டரிடம் பேச வேண்டும்.

இதையெல்லாம் முந்தைய நாள் காலையிலேயே தொடங்குங்கள். மாலை ஆறு மணிக்குத் தொடங்கிய பெக், இரவு இரண்டு மணிக்கும் ஓடிக்கொண்டிருக்கும். பிள்ளைக்கும் தூக்கமில்லை, அம்மாவுக்கும் தூக்கமில்லை, சர்க்கரை பார்க்க ஆளும் குறைவு. இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே நார்ச்சத்து குறைந்த ஆகாரம், முந்தைய நாள் தெளிந்த திரவம் மட்டும் என்று இருந்தால் வேலை பாதியாகும். இரும்புச்சத்து மருந்தை ஒரு வாரம் முன்பே டாக்டரைக் கேட்டு நிறுத்தினால் தார் போல் ஒட்டும் கறுப்பு மலம் இருக்காது. வலிப்பு மருந்து போன்ற தினசரி மருந்துகளை பெக்குக்கு ஒரு மணி நேரம் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். உடன் கொடுத்தால் மருந்தும் பேதியோடு போய்விடும்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் பிள்ளை மறக்காதது: தோல். முதல் பேதிக்கு முன்பே ஆசனவாயைச் சுற்றி துத்தநாகக் களிம்பைத் தடிமனாகப் பூசிவிட வேண்டும். சிவந்த பிறகு பூசினால் எரியும், பிள்ளை தொட விடாது. ஒவ்வொரு முறையும் களிம்பைச் சுரண்டி எடுக்காமல், மேலே படிந்த அழுக்கை மட்டும் நீரில் நனைத்த மென்துணியால் ஒற்றி எடுத்து, மேலே இன்னொரு பூச்சு.

கீழிருந்து கழுவுவது

எனிமாவும் கழுவுதலும் ஒன்று என்று நினைப்பதில் தொடங்குகிறது பாதிப் பிழை. எனிமாவில் திரவத்தை உள்ளே விட்டு, குடல் தானே தள்ளும் என்று காத்திருப்போம். ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோயில் கடைசிப் பகுதிக் குடலில் நரம்பணுக்கள் இல்லை. அது தளராது, தள்ளாது. விட்ட எனிமா மேலே வீங்கிய குடலில் போய்த் தேங்கிவிடும். ஆகவே அங்கே கழுவுதல் மட்டுமே: விட்டதை அதே ட்யூப் வழியாக வெளியே வடிக்க வேண்டும்.

தேவையானவை: மென்மையான, கூடியவரை அகலமான சிலிகோன் ட்யூப், நுனியில் நீண்ட மூக்குள்ள 60 மி.லி. சிரிஞ்ச், உடல் சூட்டுக்கு வந்த 0.9 சதவீத சலைன், ஜெல்லி, இரண்டு அளவு ஜாடிகள். ஒரு ஜாடியில் விடப்போகும் சலைன், மற்றதில் திரும்பி வருவது. மெல்லிய ட்யூபில் பாலாடை போன்ற மலமே அடைத்துக்கொள்ளும்; பிள்ளையின் ஆசனவாய் சிரமமின்றித் தாங்கும் பெரிய சைஸ்தான் நல்லது, வளர்ந்த பிள்ளைக்கு 20 முதல் 24 பிரெஞ்ச் (ட்யூபின் தடிமன் அளவு) வரை போகலாம். ஃபோலி கதீட்டர் (நுனியில் பலூன் உள்ள சிறுநீர் ட்யூப்) என்றால் பலூனை ஊதக் கூடாது. கூடுதல் துளை வேண்டுமென்று கத்தரியால் வெட்டினால் அந்த ஓரமே குடலைக் கீறும்.

குழந்தையை மல்லாத்திக் காலைத் தூக்கியோ, இடப்பக்கம் திருப்பியோ வைத்து, ஜெல்லி தடவி மெதுவாக ஏற்ற வேண்டும். நரம்பில்லாத குறுகிய பகுதியைத் தாண்டும்போது காற்றும் மலமும் "புஸ்" என்று பீறிடும். அந்தச் சத்தம் கேட்டால் சரியான இடத்துக்கு வந்துவிட்டோம். பிறகு 10 முதல் 20 மி.லி. வரை மட்டும் விட்டு, சிரிஞ்சைக் கழற்றி, ட்யூபின் முனையைக் குழந்தையைவிடத் தாழ்த்தி ஜாடியில் வடிய விட வேண்டும். சிரிஞ்சால் இழுத்தால் குடல் சுவர் துளையில் ஒட்டிக்கொண்டு காயமாகும். வடியவில்லை என்றால் வயிற்றை இடப்பக்கமாக மெல்ல வருடலாம், ட்யூபை ஒரு விரற்கடை முன்னும் பின்னும் நகர்த்தலாம், பக்கம் திருப்பலாம். தடை தட்டினால் தள்ளவே கூடாது. வளைவில் முட்டும் ட்யூப் குடலை ஓட்டையாக்கும். திரும்பவில்லை என்பதற்காக அடுத்த 20 மி.லி.யை விடுவதும் கூடாது.

7 கிலோ குழந்தைக்கு ஒரு தடவைக்கு மொத்தம் கிலோவுக்கு 20 மி.லி. என்று வைத்தால் 140 மி.லி. இரண்டாவது ஜாடியில் அதற்கு நெருங்கியாவது சேர்ந்திருக்க வேண்டும். மலமும் சேர்ந்து வருவதால் கூடுதலாகவே இருப்பதும் உண்டு. பாதிதான் திரும்பியது என்றால் அந்தக் கணக்கை எழுதி, வயிற்றைப் பார்த்து, டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் அடுத்த சுற்று. வீங்கிய குடல் பல நாள் மலத்தை அடைத்து வைத்திருக்கும். நாளுக்கு இரண்டு மூன்று முறை என்று சில நாள் முன்பே தொடங்கினால்தான் ஆபரேஷன் நாளில் சுத்தமாகும். முந்தைய இரவு ஒரே மூச்சில் லிட்டர் லிட்டராக விட்டுச் சரிக்கட்ட முடியாது.

வீட்டில் கழுவச் சொல்லி அனுப்பும்போது எதைக் கொண்டு கழுவுவது என்பதை எழுதியே கொடுக்க வேண்டும். தலை தட்டிய ஒன்றரை டீஸ்பூன் சாதாரண உப்பு, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர். உப்பு சுமார் 9 கிராம். "கொஞ்சம் உப்பு" என்று வாயால் சொன்னால் ஒரு வீட்டில் சிட்டிகையும் இன்னொரு வீட்டில் கைப்பிடியும் ஆகும். வெறும் குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. வீங்கிய பெருங்குடலின் பரப்பு பெரிது; தேங்கிய தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும், வலிப்பில் போய் முடியும்.

கடையில் கிடைக்கும் ரெடிமேட் பாஸ்பேட் எனிமா இன்னொரு பொறி. இரண்டு வயதுக்குக் கீழே அதைத் தொடவே கூடாது. ஹிர்ஷ்ஸ்ப்ரங், ஆசனவாய்ப் பிறவிக் குறை, சிறுநீரகப் பழுது உள்ள பிள்ளைக்கு எந்த வயதிலும் ஆபத்து. வெளியே வராமல் தேங்கினால் பாஸ்பேட் ரத்தத்தில் ஏறும், கால்சியம் இறங்கும், கை கால் இழுக்கும், இதயத் துடிப்பு தடுமாறும், உயிரும் போயிருக்கிறது. வாய்வழி சோடியம் பாஸ்பேட்டும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று 2008ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்துவிட்டது. மக்னீசியம் சேர்ந்த பேதி மருந்துகளும் சிறுநீரகம் பழுதான பிள்ளைக்கு ஆகாது.

ஆன்டிபயாடிக், பட்டினி, ஒப்படைப்பு

வாய்வழி ஆன்டிபயாடிக்குக்குப் பெரியவர்களில் பழைய முறை ஒன்று உண்டு: ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மதியம் 1 மணி, 2 மணி, இரவு 11 மணி என்று நியோமைசினும் எரித்ரோமைசினும். குழந்தைக்கு எடைப்படி டாக்டர் எழுதுவார். நாம் பார்க்க வேண்டியது நேரம்: பெக் ஓடிக்கொண்டிருக்கும்போது கொடுத்த மாத்திரை பேதியோடு அப்படியே வெளியேறும். பெக் மதியத்துக்குள் முடிய வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். எரித்ரோமைசின் வயிற்றைப் புரட்டும்; ஏற்கெனவே குமட்டும் பிள்ளை அதை வாந்தி எடுத்தால் எத்தனை நிமிடம் கழித்து எடுத்தது என்று எழுதுங்கள். ஊசி வழி ஆன்டிபயாடிக் வேறு வேலை செய்கிறது. செஃபசோலின் போன்றவை கத்தி வைப்பதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் போக வேண்டும். வார்டிலேயே காலை ஆறு மணிக்குப் போட்டு அனுப்பிவிட்டு, பதினொரு மணிக்குத் தியேட்டர் கூப்பிட்டால் அந்த ஊசி வீண்.

பட்டினி நேரம் பலரும் அறிந்தது: தெளிந்த திரவத்துக்கு 2 மணி, தாய்ப்பாலுக்கு 4, மற்றப் பாலுக்கும் திட உணவுக்கும் 6. சில மயக்க மருந்து குழுக்கள் இப்போது தெளிந்த திரவத்தை 1 மணி வரையும் அனுமதிக்கின்றன. இதை நீட்டி நீட்டி "நேற்று ராத்திரியிலிருந்தே ஒன்றும் வேண்டாம்" என்று சொல்வது, பேதியாகி வற்றிய பிள்ளைக்கு இரட்டைத் தண்டனை. ஆபரேஷன் லிஸ்ட்டில் பின்னால் தள்ளப்பட்டால் தெளிந்த சர்க்கரைத் திரவம் எந்த மணி வரை கொடுக்கலாம் என்று போன் போட்டுக் கேட்டுவிட வேண்டும். ட்ரிப்பையும் தியேட்டர் கதவு வரை நிறுத்தக் கூடாது.

தியேட்டருக்குப் போகும் தாளில் இவை எண்ணாக இருக்க வேண்டும்: மொத்தம் விட்ட பெக், மொத்தம் வெளியே வந்தது, கடைசி இரண்டு முறை எப்படி இருந்தது, மேல் வாய் கீழ் வாய் தனித்தனியாகக் கழுவியது, காலை எடை, கடைசிச் சர்க்கரை, சோடியம், பொட்டாசியம், கடைசியாக எப்போது எது வாய் வழியாகப் போனது. மூக்கு ட்யூப் இருந்தால் கிளம்பும் முன் சிரிஞ்சால் உறிஞ்சிப் பாருங்கள். பெக் நின்று பல மணி நேரம் ஆன பிறகும் வயிற்றில் கணிசமாகத் தேங்கியிருக்கலாம். மயக்கம் கொடுக்கும்போது அது மேலே வரும். எவ்வளவு வந்தது என்பதையும் அதே தாளில் எழுதி, ட்யூபை மூடாமல் பையோடு இணைத்து அனுப்புங்கள்.